ஃப்ரிட்ஜில் நமக்கென்று ஒரு தட்டு: எப்பிஸ்கோப்பல் கோயில்களில் கூடும் தமிழ்ச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சபைக் கமிட்டியாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும், பாடகர் குழுவினருக்கும், ஆராதனை முடிந்து டீ குடித்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற நம் எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம்.

நான் நியூ ஜெர்சிக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பிறந்து வளர்ந்தது நாசரேத்துப் பக்கம் ஒரு சின்னச் சேகரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் எப்பிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை) கோயிலில் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போவேன். சாயங்காலம் நாலு மணிக்கு அதே கோயிலில் நம் தமிழ் ஆராதனைக்கு வருவேன். இரண்டு வேளையும் உட்காருவது ஒரே பெஞ்சில்தான். ஆனால் காலையில் வருகிறவர்களுக்குச் சாயங்காலம் வருகிறவர்களைத் தெரியாது, இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. பல ஊர்களில் இப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் நம் கமிட்டிக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

போன வருடம் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறுப்பின் பண்டிகை அன்று நூறு பேருக்கு மேல் சாப்பாடு. தயிர்ப் பச்சடியும் கேசரியும் வைக்கப் பாரிஷ் ஹால் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே இடமில்லை. மேலிருந்து கீழ்வரை பால் கேன்கள். “யாருடையதோ, ஆராதனை முடிந்ததும் திரும்ப எடுத்து வைத்துவிடலாம்” என்று அவற்றைத் தரையில் இறக்கினோம். நானும் இரண்டு கையில் நாலு கேன் தூக்கினேன். ஆராதனை முடிந்தது, காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்தது. ஒரு பூசணிக்காய் நூற்றியிருபது டாலருக்குப் போனது, எல்லோரும் கைதட்டினோம். பாத்திரம் கழுவி, தரை துடைத்து, விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு வந்தோம். பால் தரையிலேயே இருந்துவிட்டது.

அந்தப் பால், புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வருகிற குடும்பங்கள் பிள்ளைகளுக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோக வைத்திருந்தது. திங்கட்கிழமை காலை அதைப் பார்த்தவர், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா. அந்தச் சமையலறையைப் பல வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு கேனாகத் திறந்து தொட்டியில் ஊற்றியிருக்கிறார். யாரிடமும் புகார் சொல்லவில்லை, நம் கமிட்டிக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது நடுத்தட்டு முழுதும் காலியாக இருந்தது. அதன் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கை நடுங்க எழுதிய இங்கிலீஷ் எழுத்தில் “தமிழ்ச் சபை” என்று போட்டிருந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ நம்முடைய கேசரிக்கு இடம் பண்ணி வைத்திருந்தார்.

அந்த ஹாலுக்கு ஆறு வருடமாக நாம் வாடகை கொடுக்கிறோம், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் அந்த ஆறு வருடத்தில் நம்மில் ஒருவரும், அந்தப் பால் யாருக்கு என்று கேட்டதில்லை. என் மனதைக் குத்துவது அதுதான். வாடகை கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்துவிட்டோம்.

நாம் யாருடைய கட்டடத்தில் கூடுகிறோம் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். எப்பிஸ்கோப்பல் சபை இங்கிலாந்துத் திருச்சபையின் வழியில் வந்தது. அமெரிக்கா சுதந்திரம் அடைந்தபின் 1789இல் தனிச் சபையாகத் தன்னை அமைத்துக்கொண்டது. நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அதோடு முழு ஐக்கியத்தில் இருக்கிற சபை. அதாவது நாம் அங்கே வெறும் விருந்தாளிகள் இல்லை, உறவுக்காரர்கள். 1960களின் நடுவில் அந்தச் சபைக்கு ஏறக்குறைய 34 லட்சம் பேர் இருந்தார்கள், இப்போது 15 லட்சத்தை ஒட்டித்தான். காலை ஆராதனைக்குப் போய்ப் பார்த்தால் எண்ணிக்கையைச் சொல்லவே வேண்டாம், தலைகள் எல்லாம் நரைத்திருக்கும். ஆனால் ஆள் குறைந்ததால் பசிக்காரர்களுக்குச் செய்வதை அவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. நாற்பது பேர் கூடுகிற கோயில், வாரத்துக்கு நூறு குடும்பத்துக்கு மளிகைப் பை கட்டிக் கொடுக்கிறது. கொடுக்க மனசு இருக்கிறது, தூக்கத்தான் கை இல்லை.

தூக்க என்று சொன்னது வெறும் பேச்சில்லை. சனிக்கிழமை காலை ஃபுட் பேங்க் லாரி வரும். அரிசி, பீன்ஸ் டப்பா, உருளைக்கிழங்கு மூட்டை, உறைந்த கோழி எல்லாம் பேலட்டில் ஏற்றி பார்க்கிங் லாட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பிரித்து, பின்பக்கப் படி ஏறி, அடித்தளத்துக்கு இறக்கி, தேதி பார்த்து அடுக்க வேண்டும். எழுபத்தைந்து வயது ஆட்கள் ஐம்பது பவுண்டு மூட்டையை இரண்டு பேராகப் பிடித்து இறக்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நம் சபையில் ஜிம்முக்குப் போகிற தம்பிமார் பத்துப் பதினைந்து பேராவது இருக்கிறார்கள்.

2025 நவம்பரில் அமெரிக்க அரசு முடங்கி, ஏழைகளுக்கு அரசு அட்டையில் போடுகிற ஸ்னாப் உணவு உதவி தடைபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நாடு முழுவதும் நாலு கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்த அட்டையை நம்பித்தான் மளிகை வாங்குகிறார்கள். அந்தச் சனிக்கிழமை எங்கள் கோயில் வரிசை பார்க்கிங் லாட்டைத் தாண்டி நடைபாதைக்குப் போய்விட்டது. பால் விஷயத்துக்குப் பிறகு ஒருவித வெட்கத்தில் நான் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்திருந்தேன். அன்று அரிசி மேசை என் பொறுப்பு.

வரிசையில் ஒரு பையன் வந்தான். பின்னந்தலையில் ஹூடியை இழுத்துவிட்டு, கீழே பார்த்தபடி. என்னைக் கண்டதும் பக்கத்து மேசைக்கு நழுவப் பார்த்தான். முகத்தைப் பார்த்ததுமே நம்ம ஊர்ப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. மெதுவாக, “தம்பி, தமிழா?” என்றேன்.

“ஆமா ஆன்ட்டி.” கொஞ்சம் பொறுத்து, “மாஸ்டர்ஸ் பண்றேன். கேம்பஸ் வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்லலை.”

“காலையில சாப்பிட்டியா?”

பதில் வரவில்லை. அரிசிப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது வேகுமா ஆன்ட்டி, இல்ல பச்சரிசி மாதிரி குழையுமா?” என்று கேட்டான். தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஏழரைக்கெல்லாம் அவன் வந்துவிட்டான், வரிசைக்கு இல்லை, மூட்டை இறக்க. இன்னும் வருகிறான். போகும்போது தனக்கும் ஒரு பை எடுத்துக்கொண்டு போவான். இரண்டிலும் அவனுக்குக் கூச்சமில்லை. மூட்டை இறக்கினவனும் பை வாங்குகிறவனும் ஒரே ஆளாக இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். அவன் கிறிஸ்தவன் இல்லை. அதை அங்கே யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது நம் ஊர்க் கோயில் விருந்தை, அசனத்தை நினைத்துப் பாருங்கள். முந்தின நாள் ராத்திரியே ஆண்கள் கோயில் வளாகத்தில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வரும். பந்தியில் பண்ணையாரும் உட்காருவார், அவர் தோட்டத்தில் வேலை செய்கிறவரும் உட்காருவார். சாதி பார்க்காமல் எல்லா இடத்திலும் நடந்தது, எப்போதும் நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், கோயிலுக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நம்மவர்களே எதிர்த்தார்கள். ஒரே கிண்ணத்தில் குடிப்பதா, ஒன்றாக உட்காருவதா என்பதுதான் சண்டை. எனக்குத் தெரிந்து சிறு வயதில் சிலர் இலையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை, பிறகு புரிந்தது.

எப்பிஸ்கோப்பல் சபைக்கும் இந்தக் காயம் உண்டு. பிலடெல்பியாவில் அப்சலோம் ஜோன்ஸ் என்பவர் அடிமையாகப் பிறந்து, பிறகு விடுதலை பெற்றவர். வேறொரு சபையின் கோயிலில், கறுப்பர்கள் உட்காரக் கூடாத இடத்தில் முழங்காலில் நின்றார் என்று ஜெபத்தின் நடுவிலேயே அவரை இழுத்து எழுப்பினார்கள். அவரும் கூட இருந்த கறுப்பர்களும் எழுந்து வெளியே நடந்தார்கள். 1787இல் அவரும் அவர் தோழர் ரிச்சர்ட் ஆலனும் தங்கள் மக்களுக்காக ஒரு உதவிச் சங்கம் தொடங்கியிருந்தார்கள், விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் காசு சேர்த்துக் கொடுக்க. 1793இல் மஞ்சள் காய்ச்சல் வந்து வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் பிணங்களை அடக்கம் செய்ததும் அந்தச் சங்கத்தார்தான். அவர்கள் கட்டிய புனித தோமா கோயில் 1794இல் எப்பிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தது, அவர் அந்தச் சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் ஆனார். ஆனாலும் திருமண்டலக் கூட்டத்தில் அந்தக் கோயிலுக்கு ஓட்டு கொடுக்கப் பல பத்தாண்டு ஆயிற்று. சேவையை ஏற்றுக்கொண்டார்கள், நாற்காலியைக் கொடுக்கவில்லை.

இந்த நாற்காலி விஷயத்தை உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர் நம் ஊர்க்காரர். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. 1903இல் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் ஒருவர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனவர். இடையில் 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் அவர் பேசினார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் உடலைக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கொரிந்தியருக்கு எழுதின நிருபத்தை வைத்துத்தான் சொன்னார். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் “அன்னதானம்” என்றே போட்டிருக்கிறது. அன்னதானம் செய்தாலும் அன்பில்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

நாம் காசு கொடுக்காதவர்கள் இல்லை. ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் வைக்க, அசனத்துக்கு ஒரு வருடச் செலவை ஏற்க, கஜா புயலுக்கு, கொரோனாவுக்கு என்று கேட்டபோதெல்லாம் நம்மவர்கள் கொடுத்தார்கள். எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள், மாதக் கடைசியில் சபையிலிருந்து வந்து வாங்கிப் போவார்கள். இங்கே எப்பிஸ்கோப்பல் சபைப் பெண்களும் 1889இலிருந்து அதையே செய்கிறார்கள். சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஒரு நீல நிற அட்டைப் பெட்டி இருக்கும், மனசு நன்றியால் நிறையும்போதெல்லாம் ஒரு காசு போடுவார்கள். நம் ஸ்தோத்திரக் காணிக்கைதான் அது. அந்தப் பெட்டியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அம்மாவின் அரிசிப் பானை ஞாபகம் வந்து கண் கலங்கியது. ஆக, கொடுக்கத் தெரியாது என்பது நம்மைப் பற்றிய குறை இல்லை. பக்கத்தில் உட்காருவதில்தான் நாம் குறைந்துபோனோம்.

பக்கத்தில் உட்காருவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், நியூ யார்க் போகும்போது மன்ஹாட்டனில் ஒன்பதாவது அவென்யூவும் 28ஆவது தெருவும் சந்திக்கிற இடத்தில் இறங்குங்கள். ஹோலி அப்பாஸ்டல்ஸ் கோயில். 1982 அக்டோபரில் அங்கே மத்தியானச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தார்கள், முதல் நாள் வந்தது சில பத்துப் பேர். ஆள் வரத்துக் குறைந்து, கோயிலையே மூடலாமா என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. மூடத்தான் போகிறோம் என்றால் பசித்தவர்களுக்காவது உதவிவிட்டு மூடுவோம் என்று இறங்கினார்கள். 1990இல் கூரை வேலை நடந்தபோது தீப்பிடித்துக் கோயில் பெரிய அளவில் சேதமாயிற்று. சாப்பாடு நிற்கவில்லை. சில வருடம் கழித்துக் கோயிலைப் பழுதுபார்த்து முடித்தபோது அவர்கள் ஒன்று செய்தார்கள், எனக்கு நினைக்க நினைக்க ஆச்சரியம்: பழைய பெஞ்சுகளைத் திரும்பப் போடவில்லை. கோயிலின் நடுப்பகுதியைச் சமதளமாக விட்டு, வாரநாளில் வட்ட மேசை போட்டார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குக் கீழே, ஜெபம் ஏறெடுக்கிற இடத்திலேயே, வீடில்லாதவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தினம் ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிட்ட காலங்கள் உண்டு.

சான் ஃபிரான்சிஸ்கோவில் புனித கிரெகோரி கோயில் இன்னொன்று. சாரா மைல்ஸ் என்ற பத்திரிகையாளர், கோயில் பழக்கமே இல்லாமல் வளர்ந்தவர், ஒரு நாள் உள்ளே நுழைந்து திருவிருந்தில் அப்பம் வாங்கினார். அப்பத்தை இப்படி யாருக்கும் கொடுக்கிறீர்கள் என்றால் மளிகையையும் அப்படியே கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 2000இல் அந்தத் திருவிருந்து மேசையைச் சுற்றியே காய்கறியும் ரொட்டியும் அடுக்கி, வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போக வைத்தார். அடித்தளத்தில் இல்லை, பின்வாசலில் இல்லை. வாங்க வந்தவர்கள் பலர் பிறகு அதை நடத்துகிறவர்களானார்கள்.

கமிட்டியில் இதைப் பேசினால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போய் வழக்குப் போட்டால்? 1996இலேயே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, நல்ல எண்ணத்தோடு உணவு தானம் செய்கிறவரை அது காப்பாற்றும். சமைத்துக் கொடுப்பதற்கு உள்ளூர் சுகாதார விதி உண்டு, உணவு கையாளும் சான்றிதழ் எடுக்க ஒரு மாலை போதும். விசா? சம்பளமில்லாமல் கோயிலில் அரிசிப் பை கட்டுவதற்கு விசா குறுக்கே வராது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து நாலு சுவருக்குள் வாடுகிற தங்கைமாருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். எங்களோடு வருகிற ஒருத்தி, கல்யாணமாகி வந்து எட்டு மாதத்தில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட முதல் வெளி ஆள் அந்தப் பாட்டியம்மாதான் என்றாள்.

அப்புறம், அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு. அது நிஜமாகவே வரும். ஓரிகன் மாநிலத்தில் கடலோரத்துச் சின்ன ஊர் புரூக்கிங்ஸ். அங்கே புனித திமோத்தேயு எப்பிஸ்கோப்பல் கோயிலில் இலவசச் சாப்பாடு கொடுப்பதை அக்கம்பக்கத்தில் சிலர் ஆட்சேபித்தார்கள். 2021இல் நகராட்சி, வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டது. கோயிலும் திருமண்டலமும் நீதிமன்றம் போயின. 2024 மார்ச்சில் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது. பசித்தவனுக்குச் சோறு போடுவது எங்கள் வழிபாட்டின் ஒரு பகுதி என்பதுதான் அவர்கள் வாதம். அந்த வாதத்தை எழுந்து நின்று சொல்ல நமக்கும் வாய் வரும் அல்லவா?

இனி நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பேர். இதைக் கமிட்டித் தீர்மானமாகப் போட வேண்டாம், முதலில் வாருங்கள். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வருடத்தில் இரண்டு முறை நாம் சமைப்போம். ஆனால் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டாம். தட்டை எடுத்துக்கொண்டு, தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவோம். காரம் குறைத்து வைத்தால் போதும், சாம்பார் சாதத்தை அவர்கள் இரண்டாம் முறை கேட்பார்கள், நான் பார்த்துவிட்டேன். அடுத்த அறுப்பின் பண்டிகை ஏலத்தைக் காலை ஆராதனைக்காரர்களோடு சேர்ந்து வைப்போம், சனிக்கிழமை வரிசைக்காரர்களையும் அசனத்துக்குக் கூப்பிடுவோம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் பெரிது. பெரும்பாலான பாரிஷ்களில் ஜனவரி வாக்கில் ஆண்டுக் கூட்டம் நடக்கும், அதில் வெஸ்ட்ரியைத் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊர்ச் சேகரக் கமிட்டி மாதிரிதான். மளிகைப் பை கொடுக்கிற பேன்ட்ரிக்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு, ஹாலை யாருக்கு விடுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். ஊர்ச் சபைக் கடிதத்தைக் காட்டி அங்கே உறுப்பினராகச் சேருவது பற்றிக் குருவானவரிடம் பேசுங்கள். தமிழ் ஆராதனையை விடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை. ஆனால் வாடகை ஏறிவிடுமோ என்று அந்தக் கூட்டத்தின் முடிவுக்கு வெளியே காத்திருப்பதைவிட, உள்ளே போய் அந்தச் செலவுக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

பாட்டியம்மாவிடம் போன மாதம் பால் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. வந்தபிறகு, “நீங்கள் கொண்டுவந்த அந்த மஞ்சள் இனிப்பு என்ன? ஃப்ரிட்ஜில் கொஞ்சம் விட்டுப் போயிருந்தீர்கள், நான் சாப்பிட்டுவிட்டேன்” என்றார். கேசரி. வருகிற புதன்கிழமை அவருக்குச் செய்யக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு, அதே சமையலறையில். எழுபது பேருக்கான ரவை என் வீட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், முந்திரி உடைக்க நாலு பேர் வேண்டும். பின்பக்கக் கதவு திறந்திருக்கும்.

அன்புடன்,
ஞாயிறு இரண்டு வேளையும் உங்கள் பெஞ்சில் உட்காருகிற ஒரு சகோதரி